வருவதும் போவதும்

சனிக்கிழமைகளில் பிற்பகல் வேளையில், கொட்டகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். சில வாரங்களுக்கு முன் எதிர்ச்சொற்களைப் பற்றிய பாடம் நடந்தது. பகலுக்கு இரவு, சூட்டுக்குக் குளிர், பெரியதற்குச் சிறியது என்று பிள்ளைகள் மளமளவென ஒப்புவித்துக்கொண்டு வந்தார்கள். ‘கம்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் ‘கோ’ என்று கரும்பலகையில் எழுதினேன். எட்டாந்தரத்தில் படிக்கும் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

“சாமி, கொழும்பில இருக்கிற மாமிகிட்ட போன்ல பேசுறப்போ, ‘நாளைக்கு வாறேன் மாமி’ன்னு சொல்றேன். பேசி முடிச்சிட்டு அம்மாகிட்ட, ‘நாளைக்குக் கொழும்புக்குப் போறேன்’னு சொல்றேன். அதே பஸ், அதே பயணம். எதிர்ச்சொல்லுன்னா ரெண்டுல ஒண்ணுதானே உண்மையா இருக்கணும்? ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்?”

நான் ஏதோ ஒரு விடை சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குள் சில வேளைகளில் பெரியவர்கள் ஓராயிரம் பக்கங்களில் எழுதும் விடயம் அடங்கிக் கிடக்கிறது. அவளுக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட விடையை இன்று வாசகர்களாகிய உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்க விரும்புகிறேன்.

இருவகை எதிர்ச்சொற்கள்

எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. உயிரோடு இருப்பதும் இறந்திருப்பதும் எதிர்நிலைகள். ஒருவர் ஒரே வேளையில் இரண்டாகவும் இருக்க இயலாது. யார் பார்த்தாலும் எங்கே நின்று பார்த்தாலும் அது மாறுவதில்லை. ஆனால் வாங்குவது, விற்பது என்ற இரு சொற்களைப் பாருங்கள். கடைக்காரர் அரிசி விற்கிறார், நாம் அதை வாங்குகிறோம். நடந்த செயல் ஒன்றே, பெயர்கள்தாம் இரண்டு. கடையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

வருவதும் போவதும் இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் இவற்றிடம் இன்னுமொரு தனித்தன்மை உண்டு. வாங்குவது, விற்பது என்ற சொற்கள் அந்தச் செயலில் ஈடுபட்டவர்கள் நிற்கும் பக்கத்தைக் காட்டுகின்றன. ‘கம்’, ‘கோ’ என்பனவோ, பயணம் செய்பவரைக் காட்டிலும் பேசுகிறவர் நிற்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கின்றன. “அவர் வந்தார்” என்று ஒருவர் சொன்னால், வந்தவரைப் பற்றி நாம் அறிவது கொஞ்சம். சொன்னவர் எங்கே நிற்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

ஆங்கில இலக்கண நூல்கள் இதை இவ்வாறு விளக்கும். பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கிய நகர்வு ‘கம்’. கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கிய நகர்வுக்கும் அதே சொல்தான். இவ்விரு இடங்களையும் விட்டு வேறோர் இடத்தை நோக்கிய நகர்வு ‘கோ’. ஆகவேதான் அந்தச் சிறுமி மாமியிடம் பேசும்போது ‘கம்’ பொருந்துகிறது. அம்மாவிடம் பேசும்போது ‘கோ’ பொருந்துகிறது. பஸ் மாறவில்லை, பாதை மாறவில்லை. முன்னால் இருந்து கேட்பவர் மாறினார், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதை நாம் ஆங்கிலத்திடமிருந்து கற்க வேண்டிய தேவையே இல்லை. நம்மிடம் உள்ள மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியம், சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்னும் இயலிலேயே இந்த நுட்பத்தைச் சொல்லிவிட்டது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, எது எந்த இடத்திற்கு உரியது என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது, என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பிற்கால வழக்கில் இவ்வரம்பு தளர்ந்துவிட்டது என்றாலும், அதன் சாரம் நம் வாய்ப்பேச்சில் இன்றும் அழியவில்லை.

இலக்கணம் என்ற முறையில் இது சிறிய விதி. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், இது மனிதரை இரு கூறாகப் பிரிக்கிறது. நானும் நீயும் ஒரு வட்டம். அந்த வட்டத்தை நோக்கி நகர்வது வரவு. வட்டத்திற்கு வெளியே இருப்பது படர்க்கை. அதை நோக்கி நகர்வது செலவு. ஒருவரை நோக்கி ‘வா’ என்று சொல்லும்போது, அவரை என் வட்டத்திற்குள் எடுத்துக்கொள்கிறேன். ‘போ’ என்று சொல்லும்போது, அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாலும் அவரைப் படர்க்கையாக்கத் தொடங்கிவிட்டேன்.

காய்ச்சலும் கனவும்

இரு மொழிகளிலும் இச்சொற்கள் வேறு வினைகளோடும் சொற்களோடும் சேர்ந்து பெறும் பொருளைப் பார்த்தால் இது மேலும் விளங்கும். ஆங்கிலத்தில் கனவு நனவானால் ‘கம் ட்ரூ’ என்பார்கள். மயங்கி விழுந்தவருக்கு நினைவு திரும்பினால் ‘கம் டூ’ என்பார்கள். பால் கெட்டால் ‘கோ பேட்’. காரியம் பிழைத்தால் ‘கோ ரோங்’. ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் ‘கோ மேட்’. சீரான நிலையை நோக்கி வருவது ‘கம்’, அந்நிலையை விட்டு விலகுவது ‘கோ’.

தமிழிலும் அப்படித்தான். பால் கெட்டுப் போகிறது, பானை உடைந்து போகிறது, ஆடு காணாமற் போகிறது, மனிதர் இறந்து போகிறார். மறுபக்கத்தில், நினைவு வருகிறது, உயிர் வருகிறது, வெயில் வருகிறது. “காய்ச்சலுந்தான் வருகிறது, கடனுந்தான் வருகிறது” என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். நம்மை வந்து அடைவன யாவும் நல்லவை அல்ல. ஆயினும் காய்ச்சல்கூட நம்முடையதாகும்போது வருகிறது, நம்மை விட்டு அகலும்போது போகிறது என்பதைக் கவனியுங்கள். வரவு என்பது எப்போதும் நம்மை நோக்கியே இருக்கிறது.

இதனாலேயே நம் முன்னோர் ‘போகிறேன்’ என்ற சொல்லைத் தனியே விட அஞ்சினார்கள். வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் “போயிட்டு வாறேன்” என்கிறார். விருந்துக்கு வந்தவர் எழுந்து நின்று “அப்ப வரட்டுமா?” என்று கேட்கிறார். வெளியே செல்லப் போகிறவர் வரட்டுமா என்று கேட்பது அயல்நாட்டாருக்குப் புதிராக இருக்கும். நமக்கு அது இயல்பு. யாரேனும் மறந்துபோய் “போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டால், வீட்டுப் பெரியவள் உடனே திருத்துவாள்.

நம் சிங்களச் சகோதரர்களும் இதையேதான் செய்கிறார்கள். விடைபெறும்போது “கிஹில்லா என்னம்” என்பது அவர்கள் வழக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதே. மொழியால் வேறுபட்டு, எத்தனையோ துயரங்களைக் கண்ட இரு மக்கள், வாசலில் நின்று விடைபெறும் வேளையில் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். இதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு காலக்குறியின் கதை

இனி, இந்த இரு சொற்களும் நம்முடைய வாழ்வில் நடத்திய கதைக்கு வருவோம்.

மலையகத் தமிழரின் வரலாறு ‘வா’ என்ற சொல்லில் தொடங்குகிறது. 1823-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, 2023-இல் இருநூறாவது ஆண்டை நாம் நினைவுகூர்ந்தோம். முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு, பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு, ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தவர்கள் சொன்ன சொல் ‘வா’ என்பதுதான். வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். அவர்களை அழைத்த தேசம், அவர்களுடைய உழைப்பை எடுத்துக்கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்தது.

ஆங்கில வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு நுட்பம் உண்டு. “ஐ கேம் ஃப்ரம் கொட்டகலை” என்றால், இன்று காலை கொட்டகலையிலிருந்து புறப்பட்டு வந்தேன் என்று பொருள். “ஐ கம் ஃப்ரம் கொட்டகலை” என்றால், என் சொந்த ஊர் கொட்டகலை என்று பொருள். இறந்தகாலத்தில் சொன்னால் பயணம். நிகழ்காலத்தில் சொன்னால் பிறப்புரிமை. ஓர் எழுத்தின் மாற்றத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம்மவர்க்குச் செய்த தீங்கை இந்த ஓர் எழுத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். வம்சாவளியால் குடிமகன் என்று கொள்ளப்பட வேண்டுமானால், தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவுகள் சீராக இல்லாத லயங்களில் வாழ்ந்தவர்கள் இதை எப்படி நிரூபிப்பது? பாட்டனார் இந்தியாவிலிருந்து வந்தார் என்பது இறந்தகாலச் செய்தி. சட்டமோ அதைப் பேரப்பிள்ளையின் நிகழ்காலமாக்கி, இவன் இந்தியாவைச் சேர்ந்தவன் என்று எழுதிக்கொண்டது. கொட்டகலையைத் தவிர வேறு ஊரைக் கண்ணால் கண்டிராத பிள்ளை, கேட்டும் அறியாத ஓர் ஊருக்கு உரியதாயிற்று.

பிறகு 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டில் கைச்சாத்திட்டார்கள். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இரண்டு வீட்டார் மாடுகளைப் பங்கிடும்போதுகூடக் கன்றைத் தாயோடு விடுவார்கள். இங்கே தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மறு நாட்டுக்கும் எண்ணப்பட்ட குடும்பங்கள் பல.

அந்த நடவடிக்கைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘ரீபேட்ரியேஷன்’. குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு இதன் வேர் தெரியும். ‘பாத்ரியா’ என்றால் தந்தையர் நாடு. ‘ரே’ என்றால் மீண்டும். தந்தையர் நாட்டுக்கு மீண்டும் அனுப்புதல். இங்கேயே பிறந்தவருக்கு ‘மீண்டும்’ என்ற சொல் எப்படிப் பொருந்தும்? ஒருபோதும் போயிராத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியக் குடியுரிமை கேட்டவர்களைவிட இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களே அதிகம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். எதை ‘வீடு’ என்று கருதினார்கள் என்பதற்கு அவர்கள் கொடுத்த சாட்சியம் அது.

அப்பாயி சொன்ன கதை

என் அப்பாயியின் தங்கை 1974-இல் புறப்பட்டுப் போனார். தோட்டங்களில் மாவும் அரிசியும் இன்றி மக்கள் பட்டினி கிடந்த காலம் அது. அவர்கள் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டைகளாகக் கட்டிக்கொண்டு கொட்டகலை ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர வேண்டும். அத்தகைய கோச்சிகள் புறப்படும்போது எழுந்த அழுகுரலால், மக்கள் அவற்றுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று நடந்ததை அப்பாயி பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். கோச்சி அசைந்தபோது, தங்கை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “அக்கா, போறேன்” என்றாராம். “போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வாறேன்னு சொல்லு” என்று இவர் கூடவே ஓடிக்கொண்டு கத்தினாராம். தங்கை வாயைத் திறந்து, அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல், தலையை மட்டும் ஆட்டினாராம். அதற்குள் கோச்சி சிங்கமலைச் சுரங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டது. “பொய் சொல்ல அவளுக்கு வாய் வரல” என்று சொல்லி அப்பாயி கதையை நிறுத்திவிடுவார். அதற்குமேல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அக்கரையில் மண்டபம் முகாம் இருந்தது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில், இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. ஒப்பந்தத்தின் பின்னர் அதே முகாம், இலங்கையிலிருந்து வருகிறவர்களை ஏற்கும் இடமாயிற்று. பாட்டன் ‘போன’ வாசலாலேயே பேத்தி ‘வந்தாள்’. அவர்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. டான்டீ எனப்படும் அரசு நிறுவனம் அவற்றை நடத்தியது. கடனுதவிக்கென 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இவையெல்லாம் மறுக்கக்கூடாத உதவிகள். ஆயினும் தாயகம் திரும்பியவர்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் அழைத்த பெயர் ‘சிலோன்காரர்’. இங்கே இருந்தபோது இந்தியாக்காரர். அங்கே போனதும் சிலோன்காரர். இரண்டு கரையிலும் படர்க்கை.

சின்ன அப்பாயியிடமிருந்து கோத்தகிரி முத்திரையோடு கடிதங்கள் வந்தன. முதற்கடிதத்தில் “சுகமாக வந்து சேர்ந்தோம்” என்று எழுதுவித்திருந்தார். பின்னாளில் வந்த ஒன்றில், “கொட்டகலைக்கு ஒருதடவை வரணும்னு மனசு கெடந்து அடிச்சிக்குது” என்று இருந்தது. ‘போகணும்’ என்றல்ல, ‘வரணும்’ என்று. எழுத்தறியாத அந்தப் பெண்ணுக்குத் தொல்காப்பியம் தெரியாது. ஆனால் முன்னிலையில் இருப்பவர் தன் அக்காள் என்பதும், அவளை நோக்கிய பயணம் வரவே என்பதும் தெரிந்திருந்தது. சட்டம் பிரித்த வட்டத்தை அவர் ஒரு வினைச்சொல்லால் இணைத்துவிட்டார். அவர் வரவில்லை. கோத்தகிரியிலேயே அடக்கமானார்.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். போனவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே போனார்கள் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. சொந்தக் கிராமத்தில் நிலமும் உறவும் இருந்து, விரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘போனேன்’ என்பது நேர்மையான சொல்; அவர்களே அச்செயலின் எழுவாய். மற்றவர்களுக்கு அது நேர்மையான சொல்லா என்பதே கேள்வி.

சொல்லைச் சொல்பவர் யார்?

‘கம்’, ‘கோ’ இரண்டும் ஆங்கிலத்தில் செயப்படுபொருள் குன்றிய வினைகள். நம் ‘வா’, ‘போ’ என்பனவும் அப்படியே. இவற்றுக்கு ஓர் எழுவாய் போதும். “அவர்கள் இந்தியாவுக்குப் போனார்கள்” என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் அதில் அனுப்பியவர் இல்லை. கைச்சாத்திட்டவர் இல்லை, பட்டியல் எழுதியவர் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவர் இல்லை. போனவர்கள் மட்டும் இருக்கிறார்கள்; ஏதோ தாங்களாகவே எழுந்து போனதுபோல. ‘அனுப்பப்பட்டார்கள்’ என்று எழுதினால்தான், “யாரால்?” என்ற கேள்வி எழும். ஆகவே வரலாறு எழுதுகிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் இந்த இடத்தில் சொல்லை எண்ணிப் பார்த்து எழுத வேண்டும்.

“சாமி, சட்டம் செய்த வேலைக்குச் சொல்லின்மீது பழி போடலாமா? நாடு என்றால் எல்லை இருக்கும், எல்லை என்றால் வருவதும் போவதும் இருக்கும்” என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எல்லையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. அன்றாடப் பேச்சில் ஒரு கூட்டத்தாரை ‘அவர்கள்’ ஆக்கிவிட்ட பிறகுதான், அவர்களை எண்ணிப் பங்கிடும் சட்டத்தை எழுதப் பேனா துணிகிறது. லட்சம் பேரை ஒரே நாளில் யாரும் படர்க்கையாக்கிவிட முடியாது. கடைவீதியில், பஸ்ஸில், கந்தோரில், “உன் ஊருக்குப் போ” என்று சொல்லிப் பழகிய வாய்கள்தாம் அச்சட்டத்துக்கு அத்திவாரம் இட்டன.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்வையைப் பற்றிய பகுதியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அங்கே அரசர் வழங்கும் தீர்ப்பு இரண்டே சொற்களில் அடங்குகிறது. ஒரு பக்கத்தாருக்கு வரச் சொல்லும் சொல். மறுபக்கத்தாருக்கு அகலச் சொல்லும் சொல். எதைக் கொண்டு தீர்ப்பு? பசித்தவருக்கு உணவு, அன்னியருக்கு வரவேற்பு. அதாவது, வாழ்ந்த காலத்தில் அவர்கள் பிறருக்கு எந்தச் சொல்லைச் சொன்னார்களோ, அதுவே அவர்களுக்குத் திரும்பிக் கிடைக்கிறது. இலக்கணமும் அறமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் பகுதி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் வாசகர்களே, அரசாங்கங்களை மட்டும் குறைகூறிவிட்டு நாம் எழுந்துவிடலாகாது. நம் வாய் சுத்தமாக இருக்கிறதா? வேறு தோட்டத்திலிருந்து மருமகளாக வந்த பெண்ணைப் பார்த்து, சிறு சச்சரவு வந்தவுடன், “ஒங்க வீட்டுக்குப் போ” என்று சொல்கிறோம். பத்து வருடம் இந்த அடுப்பில் புகையூதிய பிறகும் அவளுக்கு இது வந்த வீடுதானா? வேலை செய்ய முடியாத தகப்பனை, “அண்ணன் வீட்டுக்குப் போய் இரு” என்று மாதத்துக்கொரு வீடாக அனுப்புகிறோம். பிள்ளைகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பெற்றோரைப் பங்கிடும்போது, 1964-இல் இரண்டு பிரதமர்கள் செய்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அளவில்தான் வேறுபாடு.

பதினாறு வயதுப் பிள்ளை கொழும்புக் கடைக்கும், இளந்தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்கும் புறப்படும்போது, நாம் “போயிட்டு வா” என்றுதான் சொல்லி அனுப்புகிறோம். அந்தச் சொல்லின் பின்பாதி ஒரு வாக்குறுதி என்பதை மறந்துவிடுகிறோம். ‘வா’ என்று சொன்னவர், வருகிறவளுக்கு இடம் வைத்திருக்க வேண்டும். கையில் பணத்தோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், அவளைப் பற்றி ஊர் என்ன பேசினாலும், கதவு திறந்திருக்க வேண்டும். பணம் வந்தால் மகள், பணம் வராவிட்டால் பாரம் என்று நடப்போமானால், அன்று வாசலில் சொன்னது ‘போ’ என்ற ஒரு சொல்தான். ‘வா’ என்பது வெறும் ஒலி.

போகச் சொல்வது எல்லாமே தவறு என்று யாரும் எண்ண வேண்டாம். தகப்பன் பிள்ளையைப் பாடசாலைக்குப் போகச் சொல்கிறான். திருப்பலியின் முடிவிலும் குரு மக்களைச் சென்று வரும்படி அனுப்பிவைக்கிறார். அன்போடு சொல்லும் ‘போ’வுக்குள் ஒரு ‘வா’ ஒளிந்திருக்கிறது. அது இல்லாத ‘போ’தான் மனிதரை வெளியே தள்ளுகிறது.

வாழ்ந்து வருகிறோம்

1988-ஆம் ஆண்டின் சட்டமும், 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமும், எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இந்த நாட்டின் குடியுரிமையை வழங்கின. அரை நூற்றாண்டுக்குப் பின் சட்டம் தன் வினைச்சொல்லைத் திருத்திக்கொண்டது. 2023-இல் இருநூறு ஆண்டு நினைவாகப் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையில் மீண்டும் நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்கின் தமிழரும் அவர்களை வரவேற்று, தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரும் ‘வாங்க’ என்று சொல்லாத பாதையில் இன்று அச்சொல் கேட்டது. காணியுரிமையும் முகவரியுள்ள வீடும் இன்னும் பலருக்கு எட்டவில்லை என்பது உண்மை. ஆகவே அச்சொல் இன்னும் முழுமையாகச் சொல்லி முடிக்கப்படவில்லை.

கேள்வி கேட்ட சிறுமியிடம் மறுவாரம் சொன்னேன்: “இரண்டும் உண்மைதான், மகள். வாறதும் போறதும் பஸ்ஸைப் பற்றின சொல் இல்லை. நீ யாரைப் பார்த்துப் பேசுறாய் என்பதைப் பற்றின சொல்.” அவள் தலையாட்டினாள். பிறகு மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஒரு தமிழ் வாக்கியம் கொடுத்தேன்: “நாங்கள் இருநூறு ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து வருகிறோம்.” அவள் கொப்பியில் எழுதியிருந்தாள்: “வி ஆர் லிவிங் அண்ட் கமிங் ஹியர்.”

பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ‘வி ஹேவ் பீன் லிவிங்’ என்று சிவப்பு மையால் திருத்தினேன். ஆங்கில இலக்கணத்தின்படி அதுதான் சரி. ஆனால் திருத்தி முடித்தபின் அந்தத் தமிழ் வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். தொடர்ந்து நடப்பதைச் சொல்லத் தமிழ் ‘வருகிறோம்’ என்ற சொல்லையே துணையாகச் சேர்க்கிறது. ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதையும் நம் மொழி ஒரு வரவாகவே எண்ணுகிறது. அந்த வரவு நேற்றோடு முடிந்துவிடவில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்கக்கூடும். நெடுநாள் பிரிந்திருந்த மகனாக இருக்கலாம். கோபித்துக்கொண்டு போன சகோதரியாக இருக்கலாம். வேற்று மொழி பேசும் அயலவராக இருக்கலாம். அவரைக் கண்டதும் முதலில் வாயில் வரும் சொல் எதுவாக இருக்க வேண்டும் என்பதை இப்போதே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள்.